முழுச்சட்டகமா, குறுஞ்சட்டகமா? கமரா வாங்க நினைக்கும் இளைஞருக்குச் சில வார்த்தைகள்

(சங்க மண்டபத்தில் அங்கத்தவர் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இந்த மேடையிலே கல்வியைப் பற்றியும் ஒழுக்கத்தைப் பற்றியும் அறிஞர் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். இன்று ஒருவர் கமராவைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறாரே என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் இது வெறும் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சன்று. நம் இளைஞர் பலர் கலியாண வீடுகளிலும் பூப்புனித நீராட்டு விழாக்களிலும் கோயில் உற்சவங்களிலும் படம் பிடித்துப் பிழைப்பு நடத்த முற்பட்டிருக்கிறார்கள். அந்தத் தொழிலுக்கு முதல் வேண்டும். அம்முதலைத் தாயின் சங்கிலியை அடைவு வைத்தோ, தவணைக்குக் கடன் வாங்கியோ தேடுகிறார்கள். ஆகவே எந்தக் கமராவை வாங்குவது என்னும் கேள்வி, ஒரு குடும்பத்தின் நிம்மதியைத் தொடுகின்ற கேள்வியாகிவிடுகின்றது. அது பற்றியே இன்று உங்களோடு சிறிது நேரம் கலந்து பேச விரும்புகின்றேன்.

இக்காலத்தில் விற்பனையாகும் கமராக்களுட் பெரும்பாலானவை 'மிரர்லெஸ்' எனப்படுபவை. முன்னைய கமராவிலே, வில்லைக்குப் பின்னால் ஒரு சிறு கண்ணாடி சாய்வாக நிற்கும். அது காட்சியை மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும். படம் எடுக்கும் கணத்தில் மேலெழுந்து வழிவிடும். புதிய வகையில் அந்தக் கண்ணாடி இல்லை. ஒளியை வாங்கும் உணரியே காட்சியை ஒரு சிறு திரைக்கு அனுப்புகின்றது. 2008 இல் பனசொனிக் நிறுவனத்தின் ஜி 1 இவ்வகைக்கு வழி திறந்தது. 2013 இல் சோனி நிறுவனம் அல்பா 7 என்னும் கமராவில் இம்முறையைப் பெரிய உணரியோடு இணைத்தது. 2018 இல் கனனும் நிக்கனும் அவ்வழியைப் பின்பற்றின.

இனி, உணரியின் அளவைப் பற்றியே சண்டை முழுவதும் நடக்கின்றது. 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உள்ள உணரியை 'புல் பிரேம்' என்கிறார்கள்; நாம் முழுச்சட்டகம் என்போம். அதனிற் சிறியதை 'குறோப் சென்சர்' என்கிறார்கள். நாம் குறுஞ்சட்டகம் என்போம். கனன் குறுஞ்சட்டகம் ஏறத்தாழ 22.3 மில்லிமீற்றர் அகலமும் 14.9 மில்லிமீற்றர் உயரமும் உடையது. சோனி, நிக்கன், பூஜிபிலிம் ஆகியவற்றின் குறுஞ்சட்டகம் சிறிது பெரிது, 23.5 மில்லிமீற்றர் அகலம், 15.6 மில்லிமீற்றர் உயரம் எனலாம்.

'முழு' என்ற சொல்லைக் கேட்டதும், மற்றையது ஏதோ குறைப்பட்ட பொருள் என்று மனம் மயங்குகின்றது. இந்த மயக்கத்தை முதலிற் போக்குதல் வேண்டும். 36க்கு 24 என்ற அளவு எங்கிருந்து வந்தது? ஜேர்மனியிலே வெற்ஸ்லார் நகரத்து லைற்ஸ் தொழிற்சாலையில் ஒஸ்கார் பார்னாக் என்னும் பொறியாளர் ஒருவர் இருந்தார். அவர் சினிமாப் படச்சுருளை ஒரு சிறு கமராவினுள் கிடையாக ஓடவிட்டு, 18க்கு 24 மில்லிமீற்றர் கொண்ட சினிமாச் சட்டங்கள் இரண்டைச் சேர்த்து ஒரு படமாக்கினார். அவ்வாறு பிறந்ததே 24க்கு 36. அந்த லைக்காக் கமரா 1925 இல் லைப்சிக் வர்த்தகச் சந்தையில் உலகுக்கு அறிமுகமாயிற்று. பெரிய தகடுகளிற் படமெடுத்துப் பழகிய அக்காலத்தவர் அதற்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? 'மினியேச்சர் கமரா', அதாவது குட்டிக் கமரா! இன்று 'முழு' என்று நாம் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அளவு, அன்று 'குட்டி' என்று எள்ளப்பட்டது. அந்தக் குட்டிக் கமராவையே 1930களில் கையிலெடுத்த பிரெஞ்சுக்காரரான ஹென்றி கார்த்தியே-பிறெசோன், பெரும்பாலும் 50 மில்லிமீற்றர் வில்லை ஒன்றைக் கொண்டே உலகப் புகழ் பெற்ற படங்களை எடுத்தார்.

இன்னுமொன்று. 1959 இல் யப்பானிய ஒலிம்பஸ் நிறுவனம் 'பென்' என்னும் கமராவை வெளியிட்டது. அது லைக்காச் சட்டகத்தில் அரைவாசியையே பயன்படுத்தியது. 36 படங்களுக்கான சுருளில் 72 படங்கள் எடுக்கலாம். படச்சுருள் வாங்கக் காசு காணாத குடும்பங்களுக்கு அஃது ஒரு வரப்பிரசாதமாயிற்று. எனவே சிறிய சட்டகம் என்பது இன்று நேற்றுத் தோன்றிய குறைபாடு அன்று. பணத்தையும் பயனையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் நெடுங்காலமாக அறிந்து தேர்ந்த வழி அது.

ஆயின் இரண்டுக்கும் வேற்றுமையே இல்லையா? உண்டு. அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. வேற்றுமையை விளங்கிக்கொள்ள நம் வீட்டு முற்றத்துக்கு வாருங்கள்.

மழை பெய்கின்றது. முற்றத்திலே வாயகன்ற ஓர் அண்டாவையும், பக்கத்திலே அடியும் வாயும் ஒரே அகலமான ஒரு சிறு பேணியையும் வைக்கிறோம். மழை விட்டபின் பார்த்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரத்துக்கு நிற்கும். ஆனால் அண்டாவிலுள்ள தண்ணீரின் மொத்த அளவு பேணியிலுள்ளதைப் போற் பல மடங்கு. உணரிகளின் கதையும் இதுவே. ஒரே வெளிச்சத்தில், ஒரே துவார அளவில், ஒரே நேரத்துக்குத் திறந்தால், இரண்டு கமராக்களும் ஒரே பிரகாசமுள்ள படத்தையே தரும். பெரிய உணரியில் விழுந்த ஒளியின் மொத்தம் மாத்திரம் அதிகம்.

மொத்தம் அதிகமாக இருந்தால் என்ன நன்மை? ஒளி என்பது மழைத்துளிகளைப் போலத் துளித்துளியாக வருவது. துளிகள் குறைவாக விழும்போது ஓரிடத்தில் ஒன்று கூடும், ஓரிடத்தில் ஒன்று குறையும். சராசரி 100 துளி விழவேண்டிய இடத்தில் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 10 துளி. அது நூற்றுக்குப் பத்து. சராசரி 10,000 துளி விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 100 துளி. அது நூற்றுக்கு ஒன்றே. இந்த ஏற்றத்தாழ்வுதான் இருட்டிலே எடுத்த படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் புள்ளிகளுக்குப் பெருங் காரணம். முழுச்சட்டகத்தின் பரப்பு 864 சதுர மில்லிமீற்றர். கனன் குறுஞ்சட்டகத்தின் பரப்பு ஏறத்தாழ 332. ஒன்று மற்றையதைப் போல 2.6 மடங்கு. ஆகவே தொழில்நுட்பம் சமமாயின், முழுச்சட்டகத்தில் ஐ.எஸ்.ஓ. 6400 இல் எடுத்த படமும், குறுஞ்சட்டகத்தில் ஐ.எஸ்.ஓ. 2500 இல் எடுத்த படமும் ஏறக்குறைய ஒரே தூய்மையுடையனவாக இருக்கும். பட்டப்பகலில் இந்த வேற்றுமையைக் கண்டுபிடித்தல் அரிது. இரவுத் திருவிழாவிலே, தீவட்டி வெளிச்சத்திலே, அது கண்ணுக்குப் புலப்படும்.

"அப்படியானால் முழுச்சட்டகத்தையே வாங்கிவிடலாமே!" என்று ஓர் இளைஞர் சொல்லப் போகிறார். பொறுங்கள், தம்பி! கமரா தானாக ஒளியைக் கொண்டுவருவதில்லை. வில்லையே ஒளியைக் கொண்டுவருகின்றது. அண்டா எவ்வளவு பெரிதாயிருந்தாலும், மேலே கூரை போட்டு மூடிவிட்டால் அதில் விழும் மழை எவ்வளவு?

ஓர் உண்மையான உதாரணத்தை எடுப்போம். 2023 பெப்ரவரியில், ஒரே நாளிலே, கனன் நிறுவனம் இரண்டு கமராக்களை அறிவித்தது. ஒன்று ஆர் 8, முழுச்சட்டகம். மற்றது ஆர் 50, குறுஞ்சட்டகம். இரண்டும் 24.2 மெகாபிக்சல். இரண்டுக்கும் ஒரே பற்றரி. ஒரே வில்லைப் பூட்டு. அமெரிக்காவிலே வெளியீட்டு விலையாக, வில்லையில்லாத ஆர் 8க்கு 1,499 டொலரும், வில்லையில்லாத ஆர் 50க்கு 679 டொலரும் குறித்தார்கள். கடைக்குக் கடை, காலத்துக்குக் காலம் விலை மாறும். ஆயினும் வெளியீட்டு விலைகள் ஒன்றுக்கொன்று எந்த விகிதத்தில் நிற்கின்றன என்பதை அறிய இவை போதும்.

முதலில் ஆர் 8 ஐ வாங்கும் இளைஞனைப் பார்ப்போம். கையிலுள்ள பணம் முழுவதும் கமராவுக்கே போய்விடுகின்றது. ஆகவே அதனோடு சேர்த்து விற்கும் 24–50 மில்லிமீற்றர் மலிவு வில்லையோடு 1,699 டொலருக்கு வாங்குகிறான். அந்த வில்லையின் துவாரம் அகன்ற கோணத்தில் எஃப் 4.5, நெருங்கிய கோணத்தில் எஃப் 6.3. இந்த எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். மற்ற இளைஞன் ஆர் 50 ஐ வாங்குகிறான். மிச்சப்பட்ட பணத்திலே, 2024 இல் கனன் பூட்டுக்கு வெளியான சிக்மா 18–50 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லையை, அதன் வெளியீட்டு விலையாகிய 599 டொலருக்கு வாங்குகிறான். கூட்டுத்தொகை 1,278 டொலர். முதலாமவனிலும் 421 டொலர் குறைவு.

இப்போது கணக்குப் பார்ப்போம். உணரியின் பரப்பைத் துவார எண்ணின் வர்க்கத்தாற் பிரித்தால், சேரும் ஒளியின் அளவை ஒப்பிடலாம். முதலாமவனுக்கு எஃப் 4.5 இல் 864ஐ 20.25 ஆற் பிரிக்க, ஏறத்தாழ 43 வருகின்றது. இரண்டாமவனுக்கு 332ஐ 7.84 ஆற் பிரிக்க, ஏறத்தாழ 42 வருகின்றது. இருவரும் சமம்! முதலாமவன் வில்லையை நெருங்கிய கோணத்துக்குத் திருப்பி எஃப் 6.3க்கு வந்தாலோ, 864ஐ 39.69 ஆற் பிரிக்க ஏறத்தாழ 22 தான். இரண்டாமவனுக்கு அதே கோணத்திலும் 42. அதிகப் பணம் கொடுத்து முழுச்சட்டகம் வாங்கியவனுக்கு, குறைந்த பணம் கொடுத்தவன் பெற்ற ஒளியில் அரைவாசியே கிடைக்கின்றது! யானையை வாங்கியவன் அங்குசம் வாங்கக் காசில்லாமல் நிற்கும் நிலை இதுதான்.

நீதியாக மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஆர் 8 வாங்கியவன் எஃப் 2.8 வில்லையையும் வாங்க வல்லவனாயின், அவனே வெல்வான். 2024 இல் கனன் வெளியிட்ட 28–70 மில்லிமீற்றர் எஃப் 2.8 வில்லைக்கு வெளியீட்டு விலை 1,099 டொலர். கமராவோடு சேர்த்தால் 2,598 டொலர். அப்பொழுது அவனுக்கு 2.6 மடங்கு ஒளி கிடைக்கும். இரண்டாமவன் செலவிட்டதைப் போல இரு மடங்கு பணமும் போகும். ஆகையால், கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழகுங்கள். முழுச்சட்டகக் கமரா வாங்கப் பணம் இருக்கின்றதா என்று கேட்பது அரைக் கேள்வி. அதற்குத் தக்க வில்லையும் வாங்கப் பணம் இருக்கின்றதா என்பதே முழுக் கேள்வி.

இனி, பின்னணி மங்குதலைப் பற்றி ஒரு வார்த்தை. மணமகளின் முகம் தெளிவாகவும் பின்னால் உள்ள மண்டபம் பஞ்சு போல மங்கியும் தெரிவதை இளைஞர் பெரிதும் விரும்புகின்றனர். அதற்கு முழுச்சட்டகம் உதவுவது உண்மை. ஒரே தூரத்தில் நின்று, ஒரே காட்சியை எடுத்தால், குறுஞ்சட்டகத்தில் எஃப் 2.8 தரும் மங்கல் முழுச்சட்டகத்தில் எஃப் 4.5 தருவதற்குச் சமம். ஆனால் கலியாண வீட்டில் எடுக்கும் படங்களெல்லாம் மணமகளின் முகமா? மாமன், மாமி, பெரியப்பா, சித்தப்பா, பேரன், பேத்தி என்று மூன்று வரிசையாக நிற்பவர்களையும் எடுக்கவேண்டும். பின்வரிசையில் நிற்கும் பெரியம்மாவின் முகம் மங்கிவிட்டால், வாழ்நாள் முழுவதும் அந்தப் பழி படக்காரனுக்கே. மூன்று வரிசையும் தெளிவாக விழ முழுச்சட்டகத்தில் எஃப் 5.6 வேண்டுமாயின், குறுஞ்சட்டகத்தில் எஃப் 3.5 போதும். அப்போது இரண்டிலும் சேரும் ஒளி ஏறத்தாழ ஒன்றே. பெரிய உணரியின் அனுகூலம் அந்த இடத்தில் மறைந்துவிடுகின்றது.

தூரத்துக் காட்சிகளை விரும்புவோரும் நம்மிடையே உளர். கிரிக்கெற் பந்தயம், குளக்கரைப் பறவை முதலியவற்றுக்குக் குறுஞ்சட்டகமே கைகொடுக்கும். அதில் 400 மில்லிமீற்றர் வில்லை, முழுச்சட்டகத்தில் 640 மில்லிமீற்றர் வில்லை காட்டும் நெருக்கத்தைக் காட்டும். முழுச்சட்டகப் படத்தின் நடுப்பகுதியை வெட்டியும் அதே நெருக்கத்தைப் பெறலாம். ஆனால் 24 மெகாபிக்சலில் ஏறத்தாழ 9 தான் மிஞ்சும். இதற்கு எதிராக, சிறிய அறைக்குள்ளே கூட்டம் முழுவதையும் அடக்க வேண்டுமானால், குறுஞ்சட்டகக்காரர் அகன்ற வில்லை ஒன்றைத் தனியே தேட வேண்டியிருக்கும். 18 மில்லிமீற்றர் வில்லை அதிலே 29 மில்லிமீற்றர் போலவே பார்க்கும்.

படத்தின் நுணுக்கத்தைப் பற்றிக் கவலைப்படுவோருக்கு ஒரு கணக்கு. ஏ 4 அளவுத் தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சடிக்க ஏறத்தாழ 8.7 மெகாபிக்சல் போதும். 24 மெகாபிக்சல் படம் 20 அங்குல அகலத்துக்கு அதே நுணுக்கத்தோடு நிற்கும். இந்த மலரின் ஒரு முழுப் பக்கத்திற்கு இரண்டு வகைக் கமராவும் தாராளமாகப் போதும். கைத்தொலைபேசித் திரையைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

இப்பொழுது, தொழிலாகப் படம் எடுப்பவருக்கு முக்கியமான இடத்துக்கு வருகின்றேன். தாலி கட்டும் கணம் ஒருமுறைதான் வரும். கெட்டிமேளம் முழங்கும்போது, "ஐயா, படம் விழவில்லை, இன்னொருமுறை கட்டுங்கள்" என்று மாப்பிள்ளையிடம் கேட்க முடியுமா? எடுத்த படங்கள் பதிவது ஒரு சிறு அட்டையில். அந்த அட்டை பழுதானால் ஒரு குடும்பத்தின் நினைவு முழுவதும் போய்விடும். ஆகவே இரண்டு அட்டைகளில் ஒரே நேரத்திற் பதியும் கமரா தொழில்காரனுக்கு அவசியம். இங்கேதான் வேடிக்கை. 1,499 டொலர் விலையுள்ள முழுச்சட்டக ஆர் 8 இல் அட்டைக்கு ஒரே இடந்தான். 2022 இல் அதே 1,499 டொலர் விலையில் வெளிவந்த கனன் ஆர் 7 குறுஞ்சட்டகம். அதில் இரண்டு அட்டைகளுக்கு இடம் உண்டு. கை நடுக்கத்தைத் தாங்கும் அமைப்பு உடலினுள்ளேயே உண்டு. ஆர் 8 இல் அதுவும் இல்லை. ஆர் 7 இன் பற்றரியும் பெரிது. ஆகவே, ஒரே விலைக்கு ஒரு பக்கத்தில் பெரிய உணரி, மறுபக்கத்தில் பாதுகாப்பு. கலியாணத் தொழிலுக்குப் போகிறவர் எதைத் தெரிவு செய்யவேண்டும் என்பதை உங்கள் யோசனைக்கே விடலாம். ஆயினும் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், பிறருடைய நினைவுகளைக் காசுக்குப் பொறுப்பேற்பவர் பாதுகாப்பையே முதலில் வாங்கவேண்டும் என்பேன்.

இரண்டு பிரதி என்பது கமராவோடு முடிவதன்று. வீட்டுக்கு வந்தபின் இரண்டு தனித்தனி வன்தட்டுகளிற் படங்களைச் சேமித்து, அவற்றை இரண்டு வெவ்வேறு வீடுகளில் வைத்தல் நன்று. இதை நம்மவருக்கு விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்கும் மறைந்தன. போர்க்காலத்திலே வீட்டை விட்டோடியவர்களுட் பலருக்கு, இன்று பாட்டனின் முகத்தைப் பேரனுக்குக் காட்ட ஒரு படங்கூட இல்லை. கமராவில் மிச்சம் பிடித்த காசில் ஒரு வன்தட்டு வாங்குங்கள். அந்தக் காசு வீணாகாது.

பணத்தைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டு நிலையையும் எண்ணவேண்டும். 2022 மார்ச்சு மாதத் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் அது 360 ரூபாவை அண்டியது. 1,499 டொலர் என்பது முதற் கணக்கில் 2 இலட்சத்து 99,800 ரூபா. பிந்திய கணக்கில் 5 இலட்சத்து 39,640 ரூபா. வரியும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். கமரா மாறவில்லை, உணரி ஓர் அணுவும் வளரவில்லை, விலை மாத்திரம் இரண்டு மாதத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகியது. ஆகவே இன்று ஒரு பகுதி, நாளை ஒரு பகுதி என்று திட்டமிடுவோர், அந்த 'நாளை' வரும்போது வில்லையின் விலை எட்டாத உயரத்திற்குப் போகக்கூடும் என்பதை மறத்தலாகாது. கமராவை மட்டும் வாங்கி வைத்துவிட்டு நல்ல வில்லைக்காகக் காத்திருப்பதிலும் பார்க்க, சிறிய கமராவையும் நல்ல வில்லையையும் ஒன்றாக வாங்கி அடுத்த கிழமையே உழைக்கத் தொடங்குவது விவேகம். கடன் தவணை மாதந்தோறும் வரும்; கலியாணங்கள் மாதந்தோறும் வரா.

பாவித்த பொருள் வாங்குவதில் இழிவொன்றும் இல்லை. நல்ல விலைக்குப் பழைய முழுச்சட்டகக் கமரா கிடைத்தாலும் வாங்கலாம். ஆனால் வாங்குமுன் சிலவற்றைப் பார்க்கவேண்டும். முதலாவது, வில்லையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே சிலந்திவலை போன்ற பூஞ்சணம் இருக்கின்றதா என்று நோக்குங்கள். நம் நாட்டு ஈரக் காற்றிலே அலுமாரியில் மூடிக் கிடந்த வில்லையில் அது விரைவிற் படரும். கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். இரண்டாவது, கமராவின் கதவு எத்தனை ஆயிரம் முறை திறந்து மூடியது என்று கேளுங்கள். மூன்றாவது, ஒரு வெள்ளைச் சுவரை எஃப் 16 இல் படமெடுத்துக் கறைகள் உளவா என்று பாருங்கள். நான்காவது, உத்தரவாதப் பத்திரம் இந்நாட்டிற் செல்லுமா என்று விசாரியுங்கள். வாங்கிய பின், காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைத்துப் பேணுங்கள்.

இன்னொன்றையும் மனத்திற் கொள்ளுங்கள். கமரா உடல் சில ஆண்டுகளிற் பழமையாகும். நல்ல வில்லை நெடுங்காலம் நிற்கும். கனனின் 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 வில்லை 160 கிராம் எடை; வெளியீட்டு விலை 199 டொலர். அது முழுச்சட்டகத்துக்கென ஆக்கப்பட்டது. குறுஞ்சட்டகத்திலும் அப்படியே பொருந்தும். அதில் 80 மில்லிமீற்றர் வில்லை போலப் பார்த்து முகங்களை அழகாகக் காட்டும். நாளை வசதி வந்து முழுச்சட்டகத்துக்கு மாறினால் அவ்வில்லை கூடவே வரும். சிக்மா 18–50 அவ்வாறு முழுமையாகப் பயன்படாது. முழுச்சட்டகக் கமரா அதற்காகத் தன் சட்டகத்தைச் சுருக்கிக்கொள்ளும். ஆகவே எந்த வில்லை உங்களோடு தொடர்ந்து வரும், எந்த வில்லை வழியில் நின்றுவிடும் என்று முன்கூட்டியே எண்ணி வாங்குங்கள்.

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கின்றேன். கற்றுக்கொள்ளும் மாணவருக்கும், சங்க நிகழ்ச்சிகளைப் பதிவு செய்வோருக்கும், பறவை, பந்தயம் முதலியவற்றை எடுப்போருக்கும் குறுஞ்சட்டகமும் ஒரு நல்ல வில்லையுமே உகந்தவை. சிறு முதலோடு கலியாணத் தொழிலில் இறங்குவோருக்கு இரண்டு அட்டை கொள்ளும் குறுஞ்சட்டகம் ஏற்றது. இரவு ஆடலரங்கு, தீவட்டி வெளிச்சம், மங்கிய மண்டபம் இவற்றிலேயே பெரும்பாலும் வேலை செய்து, அதனால் வருமானமும் பெற்று, கடனின்றி எஃப் 2.8 வில்லையும் வாங்கக்கூடியவர் தாராளமாக முழுச்சட்டகத்துக்குப் போகலாம். அவருக்கு அது ஆடம்பரமன்று, தொழிற்கருவி.

பெரியோர்களே! உங்களிடமும் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளை கமரா வேண்டும் என்று கேட்கும்போது, "இது என்ன விளையாட்டு" என்று தள்ளிவிடாதீர்கள். கேட்டதெல்லாம் வாங்கியும் கொடுத்துவிடாதீர்கள். "எந்த வெளிச்சத்தில், யாரை, எதற்காக எடுக்கப் போகிறாய்? வில்லைக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறாய்? படத்தின் மறு பிரதி எங்கே இருக்கும்?" என்று மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை சொல்லும் பிள்ளை கமராவை வீணாக்க மாட்டான், மாட்டாள். சங்கத்தாரும் ஒன்று செய்யலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே விலையுயர்ந்த வில்லை வாங்குவதற்குப் பதிலாக, ஒரே பூட்டுடைய கமராக்களை உறுப்பினர் வைத்திருப்பார்களாயின், அரிதாக வேண்டிவரும் வில்லைகளைச் சங்கத்தின் பொதுச் சொத்தாக வாங்கி, முறை வைத்துப் பாவிக்கலாம். பத்துப் பேருக்குப் பாரமானது ஒரு சங்கத்துக்குப் பாரமாகாது.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பது நம்மவர் வாக்கு. உணரி சிறிதாயினும் பெரிதாயினும், அடைவிலே சங்கிலி இல்லாத வீட்டிலிருந்து புறப்படும் படக்காரனின் கை நடுங்காது. நடுங்காத கை எடுக்கும் படமே நன்றாக விழும். நம் ஊர் முதியோரின் முகங்களையும், தேர்வடம் பிடிக்கும் கைகளையும், பள்ளிக்கூட முற்றத்துப் பிள்ளைகளையும் நம் இளைஞர்கள் படமெடுத்து வைக்க வேண்டும் என்று வேண்டுகின்றேன்.